அடையாளம் காட்டியவள்

அக்டோபர் 13

இந்த டைரியில் இதுவரை ரவிக்கை அளவுகள்தான் எழுதி வந்தேன். இன்றைக்கு அளவு கொடுக்க யாரும் வரவில்லை. தெருவே என் வீட்டு வாசலில் நிற்கிறது, உள்ளே வரத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

நேற்று மதியம் என் வீட்டுக்காரர் அந்தியூரில் முட்டை லோடு ஏற்றிக்கொண்டு மலை வழியாகக் கொள்ளேகாலுக்குக் கிளம்பினார். அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு போன் செய்தார். "தூத்தல் போடுது. எப்படியும் வந்துருவேன், ரசம் வெய்யி" என்றார். வைத்தேன். இன்று காலை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். மலைமேல் ஒரு தரைப்பாலத்தில் காட்டாறு வேனை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். வேன் கிடைத்துவிட்டது. கிளீனர் மணிவேலின் உடலும் கிடைத்துவிட்டது. அவர் கிடைக்கவில்லை.

ரசத்தைக் கொட்டிவிட்டுப் பாத்திரம் கழுவினேன்.

அக்டோபர் 14

கொழுந்தனார் ஈஸ்வரனோடு மலைக்குப் போனேன். வேன் ஒரு பாறையில் சாய்ந்து கிடந்தது. முட்டைத் தட்டுகள் மரக்கிளைகளில் தொங்கின. ஆற்றில் தண்ணீர் இன்னும் சேற்று நிறத்தில் ஓடுகிறது. தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி இறங்கித் தேடினார்கள். இந்தத் தண்ணீர் பாலாற்றில் சேர்ந்து மேட்டூர் அணைக்குத்தான் போகும் என்றார் ஒருவர். அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

எஸ்.ஐ. அங்க அடையாளம் கேட்டார். பெயர் சென்னியப்பன். வயது நாற்பத்து நான்கு. மாநிறம். இடது முழங்கைக்குக் கீழே தீக்காயத் தழும்பு, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது பட்டது. எல்லாம் சொன்னேன்.

அக்டோபர் 17

இன்றும் இல்லை.

மகள் கீர்த்திகா சேலத்திலிருந்து வந்துவிட்டாள். நர்ஸிங் இரண்டாம் வருஷம். வந்ததிலிருந்து அப்பாவின் நம்பரை அழைத்துக்கொண்டே இருக்கிறாள்.

பக்கத்து வீட்டு அக்கா கோயிலில் மந்திரித்த கயிறு கொண்டுவந்து அவர் போட்டோவுக்குக் கட்டச் சொன்னார். அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். கையில் இடுப்பில் எதையும் கட்டிக்கொள்ளாத மனிதர், கோயிலுக்குப் போனாலும் வேனிலேயே உட்கார்ந்திருப்பார். ஆனாலும் கட்டினேன்.

துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. "எதாச்சும் தெரிஞ்சுதுங்களா?" என்கிறார்கள். என் கழுத்தைப் பார்க்கிறார்கள். தாலி இருக்கிறது.

தீபாவளி ரவிக்கைகள் பதினைந்துக்கு மேல் பாக்கி. தைத்துத்தான் ஆக வேண்டும்.

அக்டோபர் 20

இன்சூரன்ஸ் ஏஜென்ட் லோகநாதன் அண்ணன் வந்தார். வருஷா வருஷம் இந்த டைரி கொடுப்பவர் அவர்தான். போன வருஷம் அவர்தான் என் வீட்டுக்காரரைப் பிடித்து உட்காரவைத்து டெர்ம் பாலிசி போட வைத்தார். "நா செத்தா இவளுக்கு லாபம், இருந்தா உனக்கு லாபம், எனக்கு என்னப்பா லாபம்?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார் இவர். மலை ரோட்டில் ஓட்டுகிறவன், பெண்ணைப் படிக்க வைக்க வேண்டும் என்று பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்.

லோகநாதன் அண்ணன் காபியைத் தொடவே இல்லை.

"அம்மிணி, சொல்லவே வாய் வர மாட்டேங்குது. உடம்பு கெடைக்கோணும். கெடச்சாத்தான் இறப்புச் சான்று. சான்று இருந்தாத்தான் கம்பெனி பணம் குடுக்கும்."

"கெடைக்கலீன்னா?"

"காணாமப் போனவருன்னு ஏழு வருஷம் பாக்கோணும். அப்புறம் கோர்ட்டு. அதுவரைக்கும் பிரீமியமும் கட்டிட்டே வரோணும். உட்டா பாலிசி போயிரும்."

ஈஸ்வரன் எழுந்து நின்றுவிட்டார். "வேன் அப்பளமாட்டக் கெடக்குது. கூடப் போனவன எரிச்சாச்சு. எங்கண்ணன் என்ன நீந்திப் போயி அக்கரைல கட வெச்சிருக்கறாரா? இது என்னுங்க ஞாயம்?"

"ஞாயம் நா எழுதலீங்க" என்றார் லோகநாதன் அண்ணன்.

கீர்த்திகா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வேனுக்கு வாங்கிய கடன், அவள் காலேஜ், வீட்டு வாடகை எல்லாம் அவர் ஸ்டியரிங் பிடித்த கையில் இருந்தன. அவளுக்கும் அது தெரியும்.

அக்டோபர் 24

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா கூடாதா என்று சொல்ல ஆள் இல்லை. பச்சைத் தண்ணீரில் குளித்தேன்.

நவம்பர் 2

கிடைத்துவிட்டார்.

அணைத் தண்ணீர் தேங்கும் மேல்கோடியில், முள்ளுச் செடிகளுக்குள். விடியற்காலை போன் வந்ததும் ஈஸ்வரனும் நானும் போனோம். கீர்த்திகாவை அழைத்துப் போகவில்லை.

பிணவறைக்கு வெளியே எஸ்.ஐ. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இது வேறு ஸ்டேஷன், வேறு எஸ்.ஐ. "மூணு வாரம் தண்ணீல கெடந்த உடம்புங்கம்மா. முகம் இருக்காது. மனச திடப்படுத்திக்குங்க. உறுதியாத் தெரிஞ்சா சொல்லுங்க. சந்தேகம்னா டி.என்.ஏ. அனுப்பிப் பாத்துக்கலாம், ஆனா மாசக்கணக்குல ஆகும்."

முகத்தை மூடிக் காட்டினார்கள். நான் பாதத்தைப் பார்த்தேன். ஈஸ்வரன் என் தோள் பக்கத்தில் நின்று, "அண்ணந்தான் அண்ணி. அதே ஒசரம் பாருங்க. அண்ணந்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கையைப் பார்க்கிறீர்களா என்று பிணவறை ஊழியர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

"இடுப்புல தாயத்து இருக்கு. உங்க வீட்டுக்காரர் கட்டறதுங்களா?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

"அப்ப இவர்தானா?"

"ஆமாங்க."

சாம்பிளுக்கு ஒரு பல்லும் எலும்பும் எடுத்து வைத்துக்கொண்டார்கள், அது வழக்கமாம். ஊருக்குக் கொண்டுபோகிற நிலையில் உடம்பு இல்லை. அங்கேயே சுடுகாட்டில் ஈஸ்வரன் கொள்ளி வைத்தார். அரைஞாணை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். சிவப்புக் கயிறு, செப்புத் தாயத்து. தையல் மிஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 4

பவானி கூடுதுறையில் அஸ்தி கரைத்தோம். தாலியைக் கழற்றினார்கள்.

இப்போது எல்லோருக்கும் என்ன பேசுவது என்று தெரிகிறது.

நவம்பர் 11

கீர்த்திகா சேலத்துக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில், பஸ் கிளம்புகிற நேரத்தில் கேட்டாள்.

"அம்மா, அப்பா கையில தழும்பு இருந்துச்சா?"

"துணி போட்டு மூடியிருந்தாங்க."

"நீ வெலக்கிப் பாக்கலயா?"

"பாத்தேன்" என்றேன்.

டிசம்பர் 6

இறப்புச் சான்றிதழ் வாங்கியாயிற்று. லோகநாதன் அண்ணன் எல்லாவற்றையும் சேர்த்துக் கம்பெனியில் கொடுத்துவிட்டார். பாலிசி போட்டு மூன்று வருஷம் ஆகாததால் விசாரிக்க ஆள் வருவார்களாம். "பயப்படாதீங்க அம்மிணி. நெசத்தச் சொன்னாப் போதும்" என்றார்.

சிலிண்டர் தீர்ந்துவிட்டது. புக் செய்ய வேண்டும்.

டிசம்பர் 20

கம்பெனியிலிருந்து பிரபாவதி என்று ஒரு மேடம் வந்தார். முப்பது வயது இருக்கும். ஸ்கூட்டரிலேயே ஈரோட்டிலிருந்து வந்திருக்கிறார். என்னிடம் வருவதற்கு முன்பே தெருவில் நான்கு வீடு விசாரித்துவிட்டார். என் வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கம் உண்டா, ஏற்கெனவே நோய் இருந்ததா என்று. ஒன்றும் இல்லை.

போகும்போது செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார்.

"எத வெச்சுக்கா அவர்தான்னு சொன்னீங்க?"

"இருபது வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாதுங்களா?"

அவர் முகம் வாடிவிட்டது. "மன்னிச்சுக்குங்கக்கா. கேக்கறது எங்க வேல" என்றார்.

அவர் போன பிறகு ஒரு ரவிக்கையின் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்குத் தைத்துவிட்டேன். பிரித்துத் தைத்தேன்.

என் புருஷன் செத்தது பொய் இல்லை. அந்த வேனைப் பார்த்த யாரும் சொல்வார்கள். செத்ததற்குச் சாட்சியாக ஒரு உடம்பு கேட்டார்கள். கொடுத்தேன். வேறு யார் வந்து கேட்டார்கள் அந்த உடம்பை?

மேலே எழுதியதை அடிக்கலாம் என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

ஜனவரி 5

இன்று ஒரு பெண் வந்தாள்.

ரவிக்கை தைக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து உட்காரச் சொன்னேன். கையில் துணிப்பை, உள்ளே லேமினேட் செய்த ஒரு போட்டோ. அணைக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவர் குடியிருப்பாம். பேர் மாதேஸ்வரி. புருஷன் மாதையன் பரிசலில் வலை போடப் போனவர். அதே அக்டோபர் பன்னிரண்டாம் தேதி. அதே வெள்ளம்.

"கர்நாடகாப் பக்கம் ஒதுங்கியிருப்பாருன்னு இருந்துட்டோம்க்கா. அவரு நல்லா நீந்துவாரு. மாசம் ஆவ ஆவத்தான் பயம் வந்துச்சி. இப்ப ஸ்டேஷன் ஸ்டேஷனாப் போயி கேட்டுனு இருக்கேன். ஒரு ஸ்டேஷன்ல சொன்னாங்க, ஒண்ணு கெடச்சிது, ஆனா அந்தியூர்க்காரங்க வந்து அடையாளம் சொல்லி வாங்கினு போய்ட்டாங்கன்னு."

கையிலிருந்த அளவு நாடாவைச் சுருட்டினேன்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. கட்டுனவ உங்களுக்குத் தெரியாதா? ஆனா ஒரு தடவ கேட்டுட்டா எம்மனசு ஆறும். அவரு இடுப்புல செவப்புக் கயிறு, செப்புத் தாயத்து. மாதேஸ்வரன் மலையில கட்டுனது. எங்க பையனுக்கு காய்ச்ச வந்தப்ப வேண்டிக்கிட்டு இவரு கட்டிக்கினாரு. உங்களது அப்படி ஏதாச்சும்…"

"இல்லீங்க. கருப்புக் கயிறுதான் இருந்துது" என்றேன்.

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தன் புருஷன் அது இல்லை என்றதும், எங்கோ உயிரோடு இருப்பார் என்று அவளுக்குப் பட்டுவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்க துக்கத்துல வந்து இப்படிக் கேட்டுட்டேனே" என்றாள். காபி கொடுத்தேன். மாமியார் தினமும் மகனுக்கு ஒரு தட்டுச் சோறு மூடி வைக்கிறாளாம், காலையில் அதை எடுத்து மீனுக்குப் போட்டுவிடுகிறாளாம் இவள். போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்கும் மிஷின் டிராயருக்கும் நடுவே ஒரு கை நீளம்கூட இல்லை.

ஜனவரி 6

ஊசி இரண்டு முறை ஒடிந்தது.

ஜனவரி 12

லோகநாதன் அண்ணன் போன் செய்தார். கம்பெனி ஒப்புக்கொண்டுவிட்டது. பொங்கல் கழித்து என் கணக்குக்குப் பணம் வந்துவிடும். ஈஸ்வரன் கேட்டதும் சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். "அண்ணன் போயும் நம்மளக் காப்பாத்தறாரு பாருங்க அண்ணி" என்றார்.

ஜனவரி 17

கீர்த்திகா பொங்கல் லீவுக்கு வந்திருக்கிறாள். தன் சுடிதாரில் பிரிந்த தையலைப் போட நூல் தேடியிருக்கிறாள். நான் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தபோது கவர் அவள் கையில் இருந்தது.

"இது யாருது?"

குடத்தை இறக்கி வைத்தேன்.

"அம்மா, யாருதுன்னு கேட்டேன். அப்பா இதெல்லாம் கட்டமாட்டாரு."

எல்லாவற்றையும் சொன்னேன். பாதத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது என்பதையும் சொன்னேன். இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட நீளம். அவருக்கு அப்படி இல்லை. பதினான்காம் தேதி மலையிலிருந்து இறங்கும்போதே அவர் போய்விட்டார் என்று என் மனசுக்குத் தெரியும், ஒரு காகிதம்தான் குறைந்தது, அதற்காகத்தான் என்றேன். உன் படிப்புக்காக என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தக் கவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ அப்பா எங்கம்மா?"

ஜனவரி 18

காலையில் முதல் வேலையாக லோகநாதன் அண்ணனைக் கூப்பிட்டுப் பணத்தை நிறுத்தச் சொன்னேன். காரணத்தைக் கேட்டதும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "அம்மிணி, இது கேஸாகும். ஜெயிலுக்குக்கூடப் போக வேண்டியிருக்கும். எம்பட ஏஜென்சியும் போயிரும். யோசன பண்ணிச் சொல்லு" என்றார்.

"யோசிச்சுட்டேனுங்கண்ணா."

"அப்பச் சரி" என்றார். "கம்பெனிக்கு நானே பேசறேன்."

ஈஸ்வரன் வாசலில் நின்று கத்தினார். தெருவுக்கே கேட்டது. "கொள்ளி வெச்சது நானு! எவனோ ஒருத்தனுக்கு மொட்ட போட்டுட்டு நிக்கறேன்! இப்ப வந்து இல்லீங்கறீங்க? இந்தப் புள்ளயோட வாழ்க்கைய நெனச்சீங்களா?"

"சித்தப்பா, எனக்காகன்னு யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள் கீர்த்திகா. அவர் அவளைப் பார்த்தார். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நானும் கீர்த்திகாவும் மூன்று பஸ் மாறி அணைப் பக்கம் போனோம். மேட்டூரில் அவளுக்குப் பசி எடுத்திருக்கும், கேட்கவில்லை. நானும் வாங்கித் தரவில்லை.

மாதேஸ்வரி வீட்டுக்கு வெளியே வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "வாங்கக்கா! இவ்ளோ தூரம்…" என்று எழுந்தாள். நான் கவரை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாங்கி, கவரைப் பிரித்து, கயிற்றில் இருந்த முடிச்சை விரலால் தடவினாள். "நா போட்ட முடிச்சி" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

அப்புறம்தான் என் கன்னத்தில் அடித்தாள். இரண்டு முறை. கீர்த்திகா நடுவில் வரப் பார்த்தாள், நான் தடுத்தேன். உள்ளேயிருந்து வயதான அம்மாள், "மாதையா வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே சுவரைப் பிடித்தபடி வந்தார். அதைக் கேட்டு மாதேஸ்வரி வலையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அக்கம்பக்கத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் போலீசைக் கூப்பிடச் சொன்னார். அவள் யாரையும் பேசவிடவில்லை. என் முழங்காலைப் பிடித்து உலுக்கினாள்.

"எங்க பொதைச்சீங்க? எடத்தக் காட்டு."

"எரிச்சுட்டோம்" என்றேன்.

"எங்கள்ல எரிக்க மாட்டோமே" என்றாள். "எங்கள்ல எரிக்கவே மாட்டோமே."



வெயில் சாய்ந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். நாங்கள் கிளம்பவில்லை, அவளும் போகச் சொல்லவில்லை. கடைசியில் அவளே கேட்டாள்.

"தண்ணி ஊத்தினீங்களா?"

"ஊத்தினோம்."

"புதுத்துணி?"

"ஈஸ்வரன் வேட்டி வாங்கிட்டு வந்தாரு. மாலை போட்டோம். கூடுதுறையில சாமி கும்புட்டுத்தான் கரைச்சோம்."

"யாராச்சும் அழுதாங்களா அவருக்கு?"

"கொழுந்தனாரு அழுதாரு" என்றேன். "தரையில உழுந்து அழுதாரு."

மாதேஸ்வரி தலையை ஆட்டிக்கொண்டாள். கீர்த்திகாவைப் பார்த்து, "அந்தப் பொண்ணு காலையிலேந்து சாப்புடல போலருக்கு" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். சிறிது நேரத்தில் ஒரு தட்டுச் சோறு வந்தது. கீர்த்திகாவுக்கு மட்டும்.

ஜனவரி 20

அணைப் பக்கத்து ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுத்தேன். எஸ்.ஐ. படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "துக்கத்துல அடையாளம் மாறிப்போச்சுன்னு சொல்றீங்களா?"

"இல்லீங்க. தெரிஞ்சுதான் சொன்னேன்."

"அப்படீன்னா கேஸ் போடறதப் பத்தி மேல கேட்டுத்தான் முடிவு பண்ணணும். ஊர விட்டுப் போகக் கூடாது."

சரி என்றேன். எங்கே போகப்போகிறேன்?

ஜனவரி 29

தைக்கக் கொடுத்திருந்த துணியை மூன்று பேர் திரும்ப வாங்கிப் போய்விட்டார்கள்.

மார்ச் 9

மாதையனின் அம்மாவுக்கு எடுத்த ரத்தத்தோடு அந்தப் பல் ஒத்துப்போய்விட்டது. என் சான்றிதழை ரத்து செய்து மாதேஸ்வரிக்குப் புதிதாக ஒன்று கொடுத்துவிட்டார்கள். மீனவர் குடும்பத்துக்கு உண்டான உதவி அவளுக்கு இனிக் கிடைக்கும். என் மேல் புகார் இல்லை என்று அவள் எழுதிக் கொடுத்திருப்பதாக எஸ்.ஐ. சொன்னார். அப்படி எழுதச் சொல்லி நான் அவளைக் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. "இதோட விட்டிருக்கோம். மறுபடி இந்தப் பக்கம் வந்துராதீங்க" என்றார்.

சட்டப்படி என் புருஷன் மறுபடி காணாமல் போனவர்.

மார்ச் 15

பிரபாவதி மேடம் மறுபடி வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

"நா உங்கள நம்பினேன்க்கா. அந்த ரிப்போர்ட்ல என் கையெழுத்து இருக்கு."

"தெரியும் மேடம்."

ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பிறகு, "பணம் கைக்கு வர்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிட்டீங்க. அதனால பாலிசிய ரத்து பண்ணல. காணாமப் போனவர் பாலிசியாத்தான் இருக்கும். பிரீமியத்த மட்டும் விட்டுறாதீங்க. ஏழு வருஷம்னு கைகட்டி உக்காரவும் வேண்டாம். வெள்ளத்துல போனவர், வேன் கெடச்சிருக்கு. நேர்ல பாத்த சாட்சி இருந்தா கோர்ட்டே முன்னாடி உத்தரவு போடலாம். போடாமயும் போகலாம். ஒரு வக்கீலப் பாருங்க" என்றார்.

பாத்த சாட்சி. அந்தக் கொட்டுகிற மழையில், அந்தக் காட்டில்.

ஜூன் 3

கீர்த்திகா இந்த வருஷம் காலேஜுக்குப் போகவில்லை. அந்தியூரில் ஒரு மெடிக்கல் கடையில் வேலை. காலேஜில் அவள் சீட்டை ஒரு வருஷம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வேனுக்குக் கடன் கொடுத்தவர்கள் நொறுங்கிய வேனை எடுத்துக்கொண்டார்கள், மீதியை மாதாமாதம் கட்டுகிறோம். நான் இப்போது ரெடிமேட் கம்பெனிக்குப் பீஸ் கணக்கில் நைட்டி தைக்கிறேன். அவர்களுக்கு யார் தைக்கிறார்கள் என்று தெரியாது.

ஈஸ்வரன் பேசுவதில்லை. ஆனால் மழை வந்தால் ஓடு மாற்ற ஆள் அனுப்புகிறார்.

செப்டம்பர் 18

பிரீமியம் கட்டினேன். கவுன்ட்டரில் இருந்த பையன், "சார் வரலீங்களாம்மா? அவரு நம்பர் மாறியிருந்தா குடுங்க" என்றான். பழைய நம்பரையே கொடுத்தேன்.

அக்டோபர் 30

மாதேஸ்வரி போன் செய்தாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு. என் பேர் சொல்லவில்லை, அக்கா என்றும் சொல்லவில்லை.

"உங்க வேனு போனத ஒருத்தரு பாத்திருக்காரு. மலைமேல மாடு மேய்க்கறவரு. நா எங்கூட்டுக்காரரத் தேடி அலைஞ்சப்ப சொன்னது. அப்ப எனக்கு வேண்டியதா இருக்கல, மறந்துட்டேன். நேத்து ஞாபகம் வந்துச்சி."

"அவரு கோர்ட்டுல வந்து சொல்லுவாருங்களா?"

"மாட்டாராம். கோர்ட்டுன்னா பயம். நா பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 21

மறுவருஷமும் பிறந்துவிட்டது. அவர் இறந்ததாக உத்தரவு கேட்டு வக்கீல் மூலம் போட்ட வழக்கு இன்று வந்தது.

மாதேஸ்வரி அவரை மலையிலிருந்து பஸ்ஸில் அழைத்து வந்தாள். பேர் பசவராசு. தோளில் கம்பளியை இந்த வெயிலிலும் எடுக்கவில்லை. கூண்டில் ஏறியதும் அதை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டார். மாதேஸ்வரி முன்வரிசையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயப்படாதே என்று கண்ணால் சொல்வதுபோல.

"எதற்கு வெள்ளத்தில் வேனை இறக்கினார்?" என்று வக்கீல் கேட்டார்.

"எறக்கும்போது கணுக்காலுக்குத்தான் தண்ணி சாமி. பாலத்துல பாதி வந்தப்ப மேலருந்து மொத்தமா வந்துச்சு. வேனு நின்னு போச்சு. டிரைவரு மேல ஏறுனாரு, கூரை மேல. ஏறி நின்னுட்டாரு. அவரு அப்பிடியே இருந்திருந்தா…" நிறுத்தினார். "அந்த இன்னொரு ஆளு கதவுல சிக்கிக்கிட்டான். இவரு படுத்துக்கிட்டு அவங் கையப் புடிச்சு இழுத்தாரு. நா இக்கரைலருந்து கத்துனேன், உட்டுரு, உட்டுருன்னு. உடல. பெரிய மரம் ஒண்ணு உருண்டு வந்துச்சு சாமி. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் இல்ல."

"அவர் பிறகு தலை தூக்கினாரா?"

"இல்லீங்க. இருட்டற வரைக்கும் நின்னு பாத்தேன்."

என்னால் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். இத்தனை நாளும் அவர் செத்தார் என்பதைக் காகிதத்தில் எப்படி வாங்குவது என்றே நினைத்திருக்கிறேன். எப்படிச் செத்தார் என்று ஒரு தடவையும் நினைத்ததில்லை. கூரைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு, மணிவேலின் கையை விடாமல். பிடித்தது தழும்பு உள்ள கையா, மற்றக் கையா என்று தெரியவில்லை.

மரத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். கோர்ட்டுக்கு வந்திருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். கீர்த்திகா ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த மாதேஸ்வரி என் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை. நான் அழுது முடிக்கிற வரைக்கும் நகரவும் இல்லை.

ஏப்ரல் 26

உத்தரவு வந்துவிட்டது. அக்டோபர் பன்னிரண்டு அன்று வெள்ளத்தில் இறந்தார் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொள்கிறது. கீர்த்திகா இரண்டு முறை சத்தமாகப் படித்தாள். லோகநாதன் அண்ணன் நகலை வாங்கிக்கொண்டு தானே ஈரோட்டுக்குப் போனார். ஈஸ்வரன் வாசல் வரைக்கும் வந்தார். "சாப்டீங்ளா அண்ணி?" என்றார். உள்ளே வரச் சொன்னேன். வந்தார்.

ஜூன் 10

பணம் வந்துவிட்டது. முதல் காரியமாகக் கீர்த்திகாவின் காலேஜ். அடுத்தது வேன் கடன். வந்த பணத்தில் ஒரு பங்கை மணிவேலின் சம்சாரத்துக்குக் கொடுக்கலாமா என்று கீர்த்திகாவைக் கேட்டேன். "அப்பா அந்தக் கைய உடலையேம்மா. நீ ஏன் என்னக் கேக்கற?" என்றாள்.

சாயங்காலம் மாதேஸ்வரிக்கு போன் செய்தேன்.

"வந்துருச்சுங்க" என்றேன். அந்தப் பக்கம் அவள் பையன் சத்தம் போட்டு வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தான்.

"நல்லது" என்றாள். "பொண்ணு படிக்கப் போவுதா?"

"போறாளுங்க. திங்கக்கெழம."

"சரி. போவட்டும்."

போனை வைப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பதினாறாம் வாய்ப்பாட்டில் பையன் தப்பு விட்டான். அவள் அங்கிருந்தே திருத்தினாள்.